ஒட்டிய கிரவுனில் கடி சரிசெய்தபோது கிளேஸ் போய்விட்டது, வாயிலேயே பாலிஷ் செய்தால் போதுமா?

இளம்பல்:

எல்லோருக்கும் வணக்கம். படிப்பு முடித்துத் தனியாக நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்து அதிக காலம் ஆகவில்லை, கேள்வி ரொம்ப அடிப்படையாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீழே முதல் கடைவாய்ப்பல்லுக்கு ஈமேக்ஸ் (லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிப் பீங்கான்) கிரவுன், அதாவது பல்லை முழுவதும் மூடும் உறை, வைத்தேன். ரெசின் சிமெண்டில் ஒட்டியாகிவிட்டது. ஒட்டிய பிறகு கடிக்கச் சொன்னால் பின்பக்கக் கஸ்பில் (பல்லின் மேட்டில்) ஒரு ஹை பாயிண்ட், அதாவது மற்ற இடங்களுக்கு முன்பே இடிக்கும் இடம். சிவப்பு வளைய டைமண்ட் பர் (வைரத் துகள் பதித்த சுழல்முனை) போட்டு, தண்ணீர் விட்டு, லேசாக உரசினேன், கடி சரியாகிவிட்டது. ஆனால் உரசின இடம் மட்டும் மங்கிப்போய்த் தெரிகிறது, எக்ஸ்ப்ளோரரை (கூர்முனைச் சோதனைக் கருவி) மேலே இழுத்தால் கரகரவென்கிறது. கையில் இருந்த காம்போசிட் (ரெசின் ஃபில்லிங்) பாலிஷ் கிட்டில் ஒரு ரப்பர் பாயிண்டை எடுத்துக் கொஞ்ச நேரம் தேய்த்தேன். பளபளப்பு வந்த மாதிரி இருந்தது, காற்றடித்து உலர்த்திப் பார்த்தால் மறுபடியும் மங்கல். நோயாளிக்கு வலி எதுவும் இல்லை, "நாக்குக்கு என்னவோ சொரசொரவென்று இருக்கிறது டாக்டர்" என்கிறார். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறேன்.

உடன் படித்த ஒருவர், கிளேஸ் (சுடும்போது மேலே உண்டாகும் வழவழப்பான கண்ணாடிப் படலம்) போனால் போனதுதான், வாயில் என்ன தேய்த்தாலும் அந்த வழவழப்பு திரும்பாது, வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகச் செய் என்கிறார். இன்னொருவர், எதிர்ப்பல்லே நாளடைவில் அதைத் தேய்த்துச் சரியாக்கிவிடும், விட்டுவிடு என்கிறார். இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. எதிரே இருப்பது இயற்கைப் பல், ஒரு ஃபில்லிங்கூட இல்லாதது. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

வாயிலேயே பாலிஷ் செய்து கிளேஸ் அளவுக்குக் கொண்டுவர முடியுமா? முடியும் என்றால் எதைக் கொண்டு, எந்த வேகத்தில், தண்ணீரோடா தண்ணீர் இல்லாமலா? சிர்கோனியாவுக்கும் (கிரவுன் செய்யும் இன்னொரு செராமிக்) இதே முறைதானா? எப்போது நிறுத்தலாம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?


கடைவாய்:

வெட்டி எடுக்கத் தேவையே இல்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். எதிர்ப்பல் தேய்த்துச் சரியாக்கும் என்ற யோசனையையும் தூக்கிப் போடுங்கள். அங்கே தேயப்போவது எனாமல்தான். எனாமலின் விக்கர்ஸ் கடினம் 300, 350 அளவில் இருக்கும், லித்தியம் டைசிலிகேட் 600ஐ நெருங்கும், சிர்கோனியா 1200க்கு மேல். சொரசொரப்பான கிரவுனுக்கு எதிரே எனாமலை வைத்தால் யார் யாரைத் தேய்ப்பார்கள் என்று கணக்குப் போட வேண்டியதில்லை.

காம்போசிட் கிட் ஏன் ஏமாற்றியது என்றால், அந்தப் பாயிண்டுகள் ரெசினுக்காகச் செய்யப்பட்டவை. ரப்பர் மிருதுவாக இருக்கும், துகள் பெரும்பாலும் அலுமினா. அலுமினா ஈமேக்ஸைவிடக் கடினமானதுதான், ஆனால் அந்த மிருதுவான ரப்பரில் உட்கார்ந்துகொண்டு அதனால் கீறலின் அடிவரை போக முடியாது, கீறலுக்கு நடுவில் நிற்கும் மேட்டை மட்டும் தடவிவிட்டு வந்துவிடும். அந்த மேடுகள்தான் ஈரத்தில் உங்களுக்குப் பளபளப்பாகத் தெரிந்தன. பியூமிஸ் போட்டுத் தேய்க்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். அதன் கடினம் பீங்கானைத் தாண்டாது, கறை போகும், கீறல் போகாது. இந்த வேலைக்கு வைரத் துகள் கலந்த செராமிக் பாலிஷர்தான் சரி. சிலிகான் கார்பைடு கலந்தவையும் ஈமேக்ஸுக்கும் பழைய ஃபெல்ட்ஸ்பார் பீங்கானுக்கும் வேலை செய்யும், சிர்கோனியாவுக்கு வைரம் தவிர வேறு எதையும் நான் எடுப்பதில்லை.

அடுத்த முறை நோயாளி வந்ததும் ரப்பரை எடுக்காதீர்கள். முதலில் மஞ்சள் வளைய டைமண்ட், இருந்தால் அதற்குப் பிறகு வெள்ளை வளையம். சிவப்பு வளையத்தில் துகள் 30 முதல் 45 மைக்ரான் வரை இருக்கும், மஞ்சளில் 15 முதல் 30, வெள்ளையில் 15க்கும் கீழே (கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும்). சிவப்பு விட்டுப்போன பள்ளத்தை ரப்பரால் நிரவ முயன்றால் நேரமும் போகும், ரப்பரும் தேய்ந்து தீரும், சூடும் ஏறும், பள்ளமும் அப்படியே இருக்கும். பெரும்பாலானவர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான், பாலிஷர் நல்லதா கெட்டதா என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

அதன் பிறகு செராமிக் பாலிஷர், கரடு, நடுத்தரம், நுண்மை என்று வரிசையாக. ஒரு நிலையில் எந்தத் திசையில் தேய்த்தீர்களோ அடுத்த நிலையில் அதற்குக் குறுக்கே தேயுங்கள். முந்தைய நிலையின் கோடுகள் மறைந்துவிட்டனவா என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். ஒரே திசையில் தேய்த்துக்கொண்டே போனால் புதுக் கோட்டுக்குள் பழைய கோடு ஒளிந்துகொள்ளும். நிலை மாறும்போது ஒவ்வொரு முறையும் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், பழைய பெரிய துகள் ஒன்று மிச்சமிருந்தால் போதும், நுண்மையான பாலிஷருக்கு அடியில் சிக்கிக்கொண்டு புதுக் கீறல் போடும்.

வேகம்: டர்பைனில் பாலிஷரை மாட்டவே கூடாது, அது 3 லட்சத்துக்கு மேல் சுற்றும், ரப்பர் சிதறிவிடும். நீல வளையம் போட்ட ஹேண்ட்பீஸில் லாட்ச் (கொக்கிப் பிடி) பாயிண்டாக மாட்டுங்கள், 7000 முதல் 12000 ஆர்பிஎம் போதும், டப்பா மேலே அதிகபட்சம் எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். (ஹேண்ட்பீஸின் சிவப்பு வளையம் வேறு, பரின் சிவப்பு வளையம் வேறு. முந்தையது வேகத்தைப் பெருக்கும் கியர், பிந்தையது துகளின் அளவு. புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.) அழுத்தம் ரொம்பக் கம்மியாக இருக்கட்டும். ஹேண்ட்பீஸின் சத்தம் இறங்கினால் அதிகமாக அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம். கையை ஒரே இடத்தில் நிறுத்தாமல் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் நான் ரப்பருக்கு எப்போதும் தண்ணீரோடுதான், அதுவும் பல் உயிரோடு இருந்தால் கட்டாயமாக. 1965இல் குரங்குகளின் பற்களில் செய்த பழைய சோதனை ஒன்று எல்லோரும் படித்திருப்பீர்கள், பல்கூழின் வெப்பம் 5.5 டிகிரி செல்சியஸ் ஏறியபோது சுமார் 15 சதவீதப் பற்களில் கூழ் மீளவில்லை. ரப்பரை அழுத்திப் பிடித்து உலர்வாக ஓட்டினால் பீங்கான் மேற்பரப்பு எவ்வளவு சுடும் என்று ஒரு பழைய கிரவுனை விரலில் பிடித்துக்கொண்டு செய்து பாருங்கள், பிறகு நீங்களாகவே தண்ணீரைத் திறந்துவிடுவீர்கள்.

கடைசியில் வைரப் பேஸ்ட், 3 மைக்ரான், அப்புறம் 1 மைக்ரான், ஃபெல்ட் வீலிலோ மிருதுவான பிரஷிலோ. இது மட்டும் தண்ணீர் இல்லாமல், மெதுவான வேகத்தில். நல்ல மூன்று நிலை பாலிஷர் இருந்தால் கடைவாய்ப்பல்லுக்குப் பேஸ்ட் கட்டாயம் இல்லை என்பது என் கருத்து, மறுப்பவர்கள் இருப்பார்கள்.


சூளைக்காரன்:

நான் லேப் ஆள், செராமிக் டெக்னீஷியன். கடைவாய் சார் சொன்னதில் பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், கிளேஸைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் பல டாக்டர்கள் கிளேஸை ஏதோ கவசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கிளேஸ் இரண்டு விதம். ஒன்று, தனியாகக் கண்ணாடித்தூள் குழைத்து மேலே தடவிச் சுடுவது. இன்னொன்று, எதுவும் தடவாமல் கிரவுனையே அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் நிறுத்துவது, அதன் மேற்பரப்பில் இருக்கும் கண்ணாடியே இளகி வழிந்து மூடிக்கொள்ளும். முதல் விதத்தில் வரும் படலம் சில பத்து மைக்ரான்தான். கடைவாய்ப்பல்லின் கடிக்கும் பரப்பில் அது எத்தனை நாள் நிற்கும்? மாதக்கணக்கில் தேய்ந்து போய்விடும், அடியில் என்ன இருந்ததோ அது வெளியே வரும். அடியில் கரடான பர் போட்ட கோடுகள் இருந்தால் அந்தக் கோடுகள்தான் வரும். அதனால்தான் நல்ல லேப்பில் கிளேஸுக்கு முன்னாலேயே ரப்பர் வீல் போட்டு மெருகேற்றிவிட்டுத்தான் ஃபர்னஸில் வைப்போம். கோடுகளை மூடுவதற்குக் கிளேஸ் போடுகிற லேப்பும் இருக்கிறது, டாக்டரின் கைக்கு வரும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் மினுங்கும், வித்தியாசம் ஒரு வருடம் கழித்துத் தெரியும்.

இரண்டாவது விதத்தில், மேற்பரப்பு இளகும் அளவுக்குச் சுடும்போது ஆழமான கீறல் மறையாது, விளிம்புதான் மழுங்கும். இன்னும் சூட்டைக் கூட்டினால் கீறல் போகும், கூடவே நான் உட்கார்ந்து செதுக்கின கஸ்பின் கூர்மையும் மேற்பரப்புக் கோடுகளும் உருகி வழிந்துவிடும், கிரவுன் சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும். திரும்பத் திரும்பச் சுட்டாலும் கெடுதல், லியூசைட் என்ற படிகம் உள்ள பீங்கானில் உள்ளே படிகம் கூடிப்போய்ப் பால்போல் மங்கும்.

அதனால் டாக்டர், ஒட்டுவதற்கு முன் டிரை-இன்னில் (வாயில் வைத்துப் பார்க்கும்போது) பெரிதாக உரசும்படி வந்தால் லேப்புக்கே திருப்பி அனுப்புங்கள், மறுபடி மெருகேற்றிச் சுட்டுத் தருகிறோம், அதில் எங்களுக்குக் கஷ்டம் இல்லை. காண்டாக்ட் இடத்தை (பக்கத்துப் பல்லைத் தொடும் இடம்) மட்டும் லேசாகத் தட்டியிருந்தால் வெளியிலேயே கையில் பிடித்துப் பாலிஷ் செய்துவிடுங்கள். அதற்குக் கிளேஸ் கேட்காதீர்கள், கிளேஸ் போட்டால் காண்டாக்ட் மறுபடி இறுகும், திரும்ப உரசுவீர்கள், திரும்ப அனுப்புவீர்கள், இப்படியே ஓடும். ஒட்டிச் சில மாதம் வாயில் இருந்த கிரவுன் கழன்று வந்துவிட்டது, அதைக் கிளேஸ் போட்டுத் தா என்று அனுப்புகிறவர்கள் உண்டு. வாயில் இருந்த பீங்கான் ஈரத்தையும் இன்னும் என்னென்னவோ சேர்த்து உறிஞ்சியிருக்கும், அவசரமாகச் சூடேற்றினால் கொப்புளம் வரும், கருக்கும், வெடிக்கவும் வெடிக்கும். நிதானமாக நேரம் எடுத்து உலர்த்தினாலும் நான் உத்தரவாதம் தருவதில்லை.

முன்பற்களுக்கு வேறு கதை. கிளேஸ் போட்ட முன்பல் கண்ணாடி போல ஒரே சீராக மின்னும், பக்கத்துப் பல் அப்படி மின்னாது. இளம் வயதுப் பல்லில் குறுக்குக் கோடுகள் நிறைய, வெளிச்சம் உடைந்து உடைந்து தெரியும், வயதானவர்களின் பல்லில் அதெல்லாம் தேய்ந்து சமமாக இருக்கும். கிளேஸ் போட்டபின் ஃபெல்ட் வீலில் பேஸ்ட் வைத்து எங்கே எவ்வளவு மினுங்க வேண்டும் என்று இடம் பார்த்து அடக்குவதுதான் அங்கே வேலை. வெனீரில் (முன்பல்லின் மேல் ஒட்டும் மெல்லிய பீங்கான் ஓடு) யாராவது ரப்பர் பாயிண்டால் ஒரேயடியாகத் தேய்த்துவிட்டால் நான் போட்ட கோடுகளெல்லாம் போச்சு.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வார்த்தை: உலர்வாகப் பாலிஷ் செய்யும்போது உறிஞ்சும் குழாய் ஓடட்டும், நல்ல மாஸ்க் போடுங்கள். சிலிகா தூசியால் நுரையீரல் கெட்டுப்போன டெக்னீஷியன்கள் இருக்கிறார்கள். துணி மாஸ்க் இதற்கு ஒன்றுக்கும் உதவாது.


இளம்பல்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மஞ்சள், வெள்ளை பர்களைத் தாண்டிக் குதித்ததுதான் என் சிக்கல் என்று புரிகிறது. ஆனால் "எப்போது நிறுத்துவது" என்ற கேள்வி இன்னும் நிற்கிறது. ஈரத்தில் பளபளப்பு ஏமாற்றுகிறது என்றால் உலர்த்திப் பார்த்துப் பளபளத்தால் போதுமா, இல்லை வேறு ஏதாவது அடையாளம் இருக்கிறதா? சிர்கோனியாவைப் பாலிஷ் செய்தால் அதன் உறுதி குறையும் என்று வேறு யாரோ சொன்னார்கள்.


துகள்:

நான் மருத்துவர் இல்லை, பொருளறிவியல் பக்கத்து ஆள், செராமிக் மேற்பரப்புகளை அளப்பது என் பிழைப்பு. அதனால் நோயாளியை எப்படி உட்கார வைப்பது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், மேற்பரப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மேற்பரப்பின் சொரசொரப்பை ஆர்ஏ என்ற சராசரி அளவால் சொல்கிறோம். பல் மருத்துவத்தில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் எல்லை 0.2 மைக்ரான், 1997இல் வந்த ஒரு மீளாய்வில் இருந்து வந்தது. அதற்கு மேலே போகப் போகப் பாக்டீரியாப் படலம் கூடுதலாக ஒட்டும், அதற்குக் கீழே எவ்வளவு வழவழப்பாக்கினாலும் பெரிய லாபம் இல்லை. நாக்கின் உணர்வும் மைக்ரானில் பாதி அளவு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும், ஆகவே உங்கள் நோயாளி சொரசொரப்பு என்று சொன்னால் அது கற்பனை இல்லை.

பளபளப்பு ஏன் ஓரளவு நம்பத் தகுந்த அடையாளம் என்றால், கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான். மேடுபள்ளம் அதைவிட நன்றாகச் சிறிதானால்தான் ஒளி சிதறாமல் கண்ணாடிபோல் திரும்பும். அதனால் உலர்ந்த பரப்பு, சாய்வாக விழும் வெளிச்சம், உருப்பெருக்கும் கண்ணாடி, இந்த மூன்றோடும் பார்த்து ஒளியின் பிம்பம் கூர்மையாகத் தெரிந்தால் நீங்கள் தேவையான இடத்தை நெருங்கிவிட்டீர்கள். ஈரம் இருந்தால் தண்ணீர் பள்ளங்களை நிரப்பிவிடும், அப்போது நீங்கள் பார்ப்பது தண்ணீரின் மேற்பரப்பை. ஆனால் சராசரி அளவு ஒன்றை மறைக்கும்: பரப்பு முழுக்க வழவழப்பாக இருந்து நடுவில் ஒரே ஒரு ஆழமான கோடு கிடந்தால் சராசரி நன்றாகத்தான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி, ஆர்டிகுலேட்டிங் பேப்பரின் (கடி பார்க்கும் மைத்தாள்) மையைப் பரப்பில் தேய்த்து உலர்ந்த பஞ்சால் துடைத்துப் பாருங்கள். கீறலுக்குள் மை தங்கும். எந்த நிலையிலும் செய்து பார்க்கலாம்.

அந்த ஒற்றைக் கோடு ஏன் முக்கியம்? கண்ணாடியும் பீங்கானும் நொறுங்கும் இயல்புள்ளவை, அவற்றின் உறுதியைத் தீர்மானிப்பது மேற்பரப்பில் இருக்கும் மிகப் பெரிய கீறல். 1921இல் கிரிஃபித் கண்ணாடி இழைகளை வைத்துச் சொன்னது இதைத்தான். கரடான டைமண்ட் பர் மேற்பரப்பில் கோடு போடுவதோடு நிற்பதில்லை, அந்தக் கோட்டுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பையும் விட்டுச் செல்கிறது. மெல்லும்போது அங்கே திரும்பத் திரும்ப அழுத்தம் விழும், ஈரமும் சேர்ந்து வெடிப்பை மெல்ல மெல்ல நீட்டும். ஆக, பாலிஷ் செய்வதன் பாதிப் பயன் அழகுக்கும் நாக்குக்கும், மீதிப் பாதி அந்த வெடிப்பு இருக்கும் அடுக்கை நீக்குவதற்கு.

சிர்கோனியா விஷயத்தில் உங்களிடம் சொன்னவர் உரசுவதையும் பாலிஷ் செய்வதையும் ஒன்றாக்கிவிட்டார். வழக்கமான சிர்கோனியாவில் (3 மோல் சதவீதம் இட்ரியா என்ற ஆக்சைடு கலந்தது) அழுத்தம் பட்டால் படிகம் டெட்ராகோனல் நிலையில் இருந்து மோனோகிளினிக் நிலைக்கு மாறும், அப்போது கன அளவு சுமார் 4 சதவீதம் பெருகும், அந்தப் பெருக்கம் வெடிப்பின் முனையை இறுக்கிப் பிடிக்கும். லேசாக உரசினால் மேற்பரப்பில் இப்படி ஓர் இறுக்கமான அடுக்கு உண்டாவது உண்மை, சில சோதனைகளில் உறுதி கூடினதும் உண்டு. ஆனால் அந்த அடுக்கு மிக மெல்லியது, கரடான பர் போட்டு உலர்வாக உரசினால் கீறல் அந்த அடுக்கைத் துளைத்துக்கொண்டு கீழே போய்விடும், அப்போது உறுதி குறையும். நுண்ணிய டைமண்ட், தண்ணீர், அதன் பின் முழுமையான பாலிஷ் என்று போனால் பயப்பட ஒன்றுமில்லை. ஒளி ஊடுருவுவதற்காக இட்ரியா கூட்டிய 5 மோல் வகையில் இந்த மாற்றம் கிட்டத்தட்ட நடப்பதில்லை, கீறலைத் தாங்கிப் பிடிக்க அதற்குள் எதுவும் இல்லை. அதை இன்னும் மென்மையாகக் கையாளுங்கள்.

இன்னொன்று, கடைவாய் அவர்கள் மேலே கடினத்தை வைத்து எதிர்ப்பல் தேய்வைச் சொன்னார், முடிவு சரி, காரணம் முழுவதும் அதுவல்ல. சிர்கோனியா ஈமேக்ஸைவிட இரண்டு மடங்கு கடினம், ஆனாலும் நன்றாகப் பாலிஷ் செய்த சிர்கோனியா எதிரே உள்ள எனாமலைத் தேய்ப்பது மிகக் குறைவு, கிளேஸ் போட்ட சிர்கோனியாவைவிடவும் குறைவு. கிளேஸ் கண்ணாடி, அது உடைந்து தூளாகி இரண்டு பற்களுக்கும் நடுவே அரைக்கும், அது போனபின் அடியில் இருக்கும் சொரசொரப்பும் அரைக்கும். பாலிஷ் செய்த சிர்கோனியா அப்படியே வழவழப்பாக நின்றுவிடுகிறது. எனாமலை அதிகம் பாதிப்பது சொரசொரப்புதான்.


கடைவாய்:

திருத்தம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அந்தக் கடைசிப் பத்தியை லேப்புக்கு அனுப்பும் சீட்டிலேயே எழுதலாம்: சிர்கோனியா கடைவாய்ப்பல்லுக்குக் கடிக்கும் இடங்களில் பாலிஷ் மட்டும், ஸ்டெயினும் (நிறப்பூச்சு) கிளேஸும் வெளிப்பக்கத்துக்கு. நான் அப்படித்தான் கேட்கிறேன். ஈறுக்கு அடியில் போகும் பகுதிக்கும், பிரிட்ஜில் ஈறைத் தொட்டு உட்காரும் பான்டிக்கின் அடிப்பக்கத்துக்கும் அதே கதைதான், அங்கே வழவழப்பான சிர்கோனியாவோடு ஈறு நன்றாகவே ஒத்துப்போகிறது.


சூளைக்காரன்:

சீட்டில் எழுதுங்கள் சார், சந்தோஷம். பாதிச் சீட்டில் நிற எண்ணைத் தவிர எதுவுமே இருப்பதில்லை.


சும்மா வந்தவன்:

மன்னிக்கவும், நான் டாக்டர் இல்லை, பீங்கான் பல் வைத்திருக்கிறவன், தேடும்போது இந்தப் பக்கம் வந்தேன். வைத்துச் சில வருடம் ஆகிறது, முதலில் கண்ணாடிபோல் இருந்தது, இப்போது மங்கியிருக்கிறது, டீக்கறை அதில் மட்டும் பிடிக்கிறது. பற்களை வெண்மையாக்கும் பேஸ்ட் போட்டு அழுத்தித் தேய்க்கிறேன், இன்னும் மங்குகிற மாதிரித்தான் தோன்றுகிறது. பல்லை மாற்ற வேண்டுமா?


கடைவாய்:

பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது சார், ஆனால் மங்கியதற்காக மட்டும் மாற்ற வேண்டியதில்லை, உங்கள் டாக்டர் நாற்காலியில் உட்காரவைத்து அரை மணி நேரத்தில் பாலிஷ் செய்துவிடலாம். அந்த வெண்மை பேஸ்டை முதலில் நிறுத்துங்கள், அதில் கரடு அதிகம், பீங்கானின் நிறத்தை அது மாற்றாது. மிருதுவான பிரஷ், சாதாரண பேஸ்ட் போதும்.

அடுத்த முறை கிளீனிங்குக்குப் போகும்போது பீங்கான் பல் இருக்கிறது என்று நீங்களாகவே வாய்திறந்து சொல்லிவிடுங்கள். ஃப்ளூரைடு ஜெல் வைக்கிற இடங்களில் ஏபிஎஃப் என்ற அமில வகை ஒன்று உண்டு, 1.23 சதவீதம் ஃப்ளூரைடு, இயற்கைப் பல்லுக்கு நல்லது, ஆனால் பீங்கானில் இருக்கும் கண்ணாடியை அரித்துவிடும். நாங்கள் கிரவுனின் உள்பக்கத்தை ஒட்டுவதற்காகச் சொரசொரப்பாக்கப் போடுகிறோமே ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம், அதன் தம்பிதான் இதுவும். உங்களுக்கு அமிலத்தன்மை இல்லாத சோடியம் ஃப்ளூரைடு வகையைப் போடச் சொல்லுங்கள். சோடா உப்புத்தூளைக் காற்றோடு பீய்ச்சிச் சுத்தம் செய்யும் கருவியும் பீங்கானின் மேல்பரப்பைக் கெடுக்கும், அதில் கிளைசின், எரித்ரிட்டால் தூள்கள் எவ்வளவோ சாது. அல்ட்ராசோனிக் ஸ்கேலர் முனையைக் கிரவுனின் ஓரத்தில் வைத்து இழுத்தால் சில்லு தெறிக்கும், இதைப் படிக்கிற டாக்டர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.


சும்மா வந்தவன்:

நன்றி டாக்டர், இதுவரை யாரும் கேட்கவும் இல்லை, நானும் சொன்னதில்லை.


இளம்பல்:

எல்லாவற்றையும் படித்துவிட்டேன், வைரப் பாலிஷர் கிட் சொல்லியாயிற்று. கடைசியாக ஒரு சந்தேகம், இதையெல்லாம் ஒட்டுவதற்கு முன்பே கடி பார்த்து முடித்துவிட்டால் வாயில் பாலிஷ் செய்யும் தலைவலியே இருக்காதே? நான் ஒட்டின பிறகு கடி பார்த்ததே தவறா?


கடைவாய்:

தவறு இல்லை. ஒட்டாத ஈமேக்ஸைப் பலமாகக் கடிக்க வைத்தால்தான் ஆபத்து, பல்லோடு ஒட்டியபின் வரும் ஆதரவு அப்போது அதற்கு இல்லை, மெல்லியதாக இருந்தால் அங்கேயே பிளந்துவிடும். வெனீர், ஆன்லே (கடிக்கும் பரப்பின் ஒரு பகுதியை மட்டும் மூடுவது) எல்லாம் ஒட்டினபிறகுதான் கடி பார்க்க வேண்டும். முழுக் கிரவுன் என்றால் டிரை-இன் பேஸ்ட் வைத்து மெதுவாகத் தட்டச் சொல்லிப் பெரிய ஹை பாயிண்ட் மட்டும் பார்த்துக்கொள்ளலாம், நுணுக்கமானது ஒட்டினபின். அதனால் வாயில் பாலிஷ் செய்வதில் இருந்து தப்பிக்க வழி இல்லை, கிட் வாங்கினது வீண் போகாது.

ஒட்டும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, தடிமன் அளவியால் கிரவுனைக் கஸ்பிலும் குழியிலும் அளந்து குறித்து வையுங்கள். ஒட்டும் முறையில் வைக்கும் ஈமேக்ஸ் கடைவாய்க் கிரவுனுக்குக் குறைந்தது 1 மில்லிமீட்டர் வேண்டும், சாதாரண சிமெண்ட் என்றால் 1.5. அளவு தெரியாமல் உரசிக்கொண்டே போனால் எங்கே நிற்பீர்கள்? இடம் இல்லை என்றால் எதிர்ப்பல்லின் கஸ்பைத் துளி தொடலாமா என்று நோயாளியிடம் பேசுவதும் ஒரு வழி, தொட்டால் அந்த எனாமலையும் பாலிஷ் செய்யுங்கள்.

கடி பார்க்கும்போது கிரவுனை நன்றாக உலர்த்திவிட்டு 40 மைக்ரான் பேப்பர் வையுங்கள், வழவழப்பான பீங்கானில் மை பிடிக்காமல் போய் ஹை பாயிண்ட் இல்லை என்று தோன்றும். கடைசியில் 8 மைக்ரான் ஷிம்ஸ்டாக்கை (மிக மெல்லிய ஃபாயில்) பற்களுக்கு நடுவே வைத்து இழுத்துப் பாருங்கள், பக்கத்துப் பற்களிலும் அதே பிடி இருக்கிறதா என்று. பக்கவாட்டிலும் முன்னாலும் தாடையை நகர்த்தி வேறு நிற மையில் ஒருமுறை பாருங்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் பாலிஷரைத் தொட வேண்டும், பாலிஷ் செய்துவிட்டு மறுபடி பர் எடுத்தால் எல்லாம் முதலில் இருந்து. பாலிஷ் முடிந்ததும் ஈறு ஓரத்தில் பேஸ்ட் மிச்சம் சிக்கியிருக்கும், ஃப்ளாஸ் விட்டுத் தண்ணீர் அடித்து எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு நாளில் ஈறு சிவந்துவிட்டது என்று போன் வரும்.